பழி ஓரிடம்: டெல்லியின் மின்சாரமும் 2013 தேர்தலும்

2012 ஜூலை 31, ஆடிச் செவ்வாய். மதியம் ஒரு மணிக்கு டெல்லியில் கரண்ட் போனது. முந்தைய நாள் அதிகாலை 2.33க்குப் போய், பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிய மின்சாரம் மறுநாள் மதியம் வரைகூடத் தாங்கவில்லை. மெட்ரோ ரயில்கள் நின்றன. சிக்னல் எரியாத ரிங் ரோட்டில் நாலு பக்கத்து வண்டிகளும் முண்டிக்கொண்டு நின்றன. ஆர்.கே. புரம் முருகன் கோயிலான மலை மந்திருக்கு மாலை தரிசனத்துக்குக் கிளம்பிய எங்கள் வீட்டுப் பெண்கள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள்.

அப்போது மணப்பாறையிலிருந்து அத்தை போன் செய்தார். "ஏம்ப்பா, டெல்லிக்கே கரண்ட் இல்லையாமே? டிவியில சொல்றாங்க." அந்த வருடம் முழுக்க நாங்கள்தான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தோம்: "இன்னைக்கு எத்தனை மணி நேரம் அத்தை?" கரண்ட் வரும் நேரம் பார்த்து மாவாட்டி, மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, பேத்தியைப் படிக்க உட்காரவைத்து அவர் நாட்களை ஓட்டினார். அன்று அவர் வீட்டு விசிறி சுற்றியது. நாட்டின் தலைநகரத்தில் சுற்றவில்லை.

பாதிக்கப்பட்ட மக்கள் தொகையை வைத்துப் பார்த்தால், அதுவரை உலகம் கண்ட மின் தடைகளிலேயே பெரியது அதுதான். சுமார் 62 கோடிப் பேர் வாழும் பகுதி இருண்டது. ஆனால் அந்த இருட்டுக்காக எந்த ஆட்சியும் கவிழவில்லை. பதினாறு மாதம் கழித்து டெல்லியில் ஓர் ஆட்சி மின்சாரத்தை முன்வைத்தே கவிழ்ந்தது. அப்போது நகரத்தில் கரண்ட் இருந்தது, வீட்டுக்கு வந்த பில்தான் பிரச்சினையாக இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

அன்று விழுந்தது எது

அந்த ஆண்டு வடக்கில் பருவமழை பிந்தியது. பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச வயல்களில் நெல் நட்டுவிட்டார்கள், வானம் பெய்யவில்லை, மோட்டார்கள் ஓயாமல் ஓடின. மத்தியத் தொகுப்பிலிருந்து (மாநிலங்களை இணைக்கும் மின்பாதை வலை) எந்த மாநிலம் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அட்டவணை உண்டு. மீறி எடுத்தால் கூடுதல் கட்டணம் உண்டு. என் கணிப்பில், நெல் வயலில் மோட்டார் நின்றால் வரும் கோபத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் மாநில அரசுகளுக்கு மலிவாகவே பட்டிருக்கும். அளவைக் குறைக்கச் சொல்லி மண்டல மின்சுமை மையம் சொன்னது. போதிய அளவு யாரும் குறைக்கவில்லை என்று விசாரணைக் குழு பின்னர் எழுதியது.

அதே நாட்களில் மேற்கு மண்டலத்தையும் வடக்கு மண்டலத்தையும் இணைக்கும் மின்பாதைகள் பல, வெவ்வேறு வேலைகளுக்காக நிறுத்தப்பட்டிருந்தன. மிச்சமிருந்த பினா–குவாலியர்–ஆக்ரா 400 கிலோவோல்ட் பாதை அளவுக்கு மீறிச் சுமந்தது. அதிலிருந்த பாதுகாப்பு ரிலே (பழுது வந்தால் பாதையைத் தானாகத் துண்டிக்கும் கருவி) அந்தச் சுமையையே பழுது என்று எடுத்துக்கொண்டு பாதையைத் துண்டித்தது. அப்புறம் எல்லாம் சில நொடிகள்தான். 30ஆம் தேதி வடக்கு மண்டலம் மட்டும் விழுந்தது, சுமார் 36,000 மெகாவாட். 31ஆம் தேதி வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன, சுமார் 48,000 மெகாவாட். மேற்கு வங்க நிலக்கரிச் சுரங்கங்களில் லிஃப்ட் ஓடாமல் 200 தொழிலாளர்கள் வரை பூமிக்கு அடியில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். இந்த நாட்டின் விளக்குகளுக்கு நிலக்கரி வெட்டித் தருபவர்கள் அவர்கள்.

தெற்கு தப்பியதற்குக் காரணம், அது மற்ற மண்டலங்களோடு ஒரே துடிப்பில் இணைக்கப்படாமல் தனியாக இருந்ததுதான். இந்தத் தனிமைக்குத் தமிழ்நாடு வேறு விதத்தில் விலை கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அரசியல் என்ன செய்தது? அன்றைய மின்துறை அமைச்சர் சுஷில் குமார் ஷிண்டே. மூன்று மண்டலங்கள் இருண்ட அதே ஜூலை 31 அன்று அவர் உள்துறை அமைச்சராக அறிவிக்கப்பட்டார். பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராகிவிட்டதால் ப. சிதம்பரம் நிதிக்குப் போனார், அவரிடமிருந்த உள்துறை ஷிண்டேவுக்கு வந்தது. மின்துறை கூடுதல் பொறுப்பாக வீரப்ப மொய்லியிடம் போனது. முன்பே முடிவான மாற்றமாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும், அந்த நாளில் அந்த அறிவிப்பை வெளியிட ஓர் அரசுக்குக் கூச்சம் இல்லாமல் போனது என்னை இன்றும் வருத்துகிறது. மத்திய அரசு மாநிலங்களைச் சொன்னது, மாநிலங்கள் மத்திய அரசைச் சொன்னன. பழி எந்த வாசலிலும் போய் உட்காரவில்லை. இரவு கரண்ட் வந்தது. ஜனங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மாடியில் படுத்த காலம்

டெல்லிக்கு நான் வந்தது 1990களின் நடுவில். கரோல் பாகில் வாடகை அறை. கோடையில் இரவு "லைட்" போனால் (டெல்லித் தமிழில் கரண்டுக்கு லைட் என்றுதான் பெயர், ஹிந்தியிலிருந்து ஒட்டிக்கொண்டது) தெரு மொத்தமும் மாடிக்குப் போய்விடும். கயிற்றுக் கட்டில், பானைத் தண்ணீர், கை விசிறி. பஞ்சாபிக் குடும்பமும் நம் திருநெல்வேலி மாமாவும் ஒரே வானத்தைப் பார்த்துக்கொண்டு அதே அரசாங்கத்தைத் திட்டுவார்கள். ஒரு மணிக்கும் வரவில்லை என்றால் நாலு பேர் சேர்ந்து சப்-ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். அங்கே ஓர் அரசு ஊழியர் மாட்டுவார். கத்திவிட்டு வருவார்கள். அதில் எதுவும் சரியாகிவிடாது. ஆனால் கேட்க ஓர் ஆள் இருந்தார், கூடப் போக நாலு பேர் இருந்தார்கள்.

1998 தேர்தலில் பாஜக டெல்லியை இழந்ததற்கு வெங்காய விலையை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோடையின் மின்வெட்டையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் நேரில் பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். முதல்வரான காங்கிரஸின் ஷீலா தீட்சித், 2002 ஜூலை 1 அன்று மின் விநியோகத்தை மூன்று நிறுவனங்களாகப் பிரித்துத் தனியாரிடம் கொடுத்தார். 51 சதவீதம் அவர்களுக்கு, 49 சதவீதம் டெல்லி அரசுக்கு. அப்போது டெல்லி வாரியம் அனுப்பிய மின்சாரத்தில் ஏறக்குறைய பாதிக்குக் காசு வரவில்லை. கம்பியில் போனது கொஞ்சம், கொக்கியில் போனது நிறைய. பத்து வருடத்தில் அந்த இழப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. மின்வெட்டும் குறைந்தது. இது உண்மையான சாதனை, மறுக்கக் கூடாது. 2012இல் நொய்டா, காஜியாபாத், குர்கானில் இருந்த நண்பர்கள் மணிக்கணக்கில் ஜெனரேட்டர் புகையில் உட்கார்ந்திருந்தபோது டெல்லிக்குள் நாங்கள் எவ்வளவோ தேவலாம் என்று இருந்தோம்.

இந்த இடத்தில்தான் என் வாதத்தின் முடிச்சு இருக்கிறது. மின்வெட்டு குறைவதற்கு முன்பே நடுத்தர வர்க்கம் மின்வெட்டிலிருந்து வெளியேறிவிட்டது. இன்வெர்ட்டர் வந்தது. பிறகு அடுக்குமாடிகளில் பொது ஜெனரேட்டர். விளக்கும் விசிறியும் ஓடும் வீட்டிலிருந்து யாரும் சப்-ஸ்டேஷனுக்கு நடக்கப் போவதில்லை. முன்பு ஒரே மாடியில் படுத்தவர்களில், பேசத் தெரிந்தவரும் பத்திரிகைக்கு எழுதத் தெரிந்தவரும் அதிகாரியைத் தெரிந்தவரும் கீழே இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார்கள். மாடியில் மிஞ்சியவர்களின் சத்தம் யார் காதிலும் விழவில்லை. மின்வெட்டு ஒரு தெருவை இரண்டாகப் பிரித்தது என்று நான் சொல்வது இதைத்தான்.

பில் அப்படிப் பிரிக்கவில்லை. இன்வெர்ட்டர் வைத்திருப்பவருக்கும் பில் வரும், சொல்லப்போனால் பேட்டரி சார்ஜ் ஆவதால் கொஞ்சம் கூடவே வரும். ஜுக்கியில், அதாவது குடிசையில், ஒரு பல்பு எரிப்பவருக்கும் வரும். இரண்டு பேரும் அதே தேதியில் அதே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இவ்வளவு எப்படி ஆச்சு?"

பில்லை ஏந்தியவர்

இந்தக் கேள்வி 2005லேயே எழுந்தது. எலக்ட்ரானிக் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற புகார் வீட்டுக்கு வீடு இருந்தது. அந்த வருடம் 10 சதவீதக் கட்டண உயர்வை எதிர்த்துக் குடியிருப்போர் நலச் சங்கங்கள் கிளம்பின, அரசு அதைத் திரும்பப் பெற்றது. இந்தக் கோபத்துக்கு வலு உண்டு என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

2011 செப்டம்பரில் கட்டணம் சுமார் 22 சதவீதம் ஏறியது. 2012 ஜூலை 1 முதல் வீட்டு இணைப்புகளுக்கு மறுபடி சுமார் 24 சதவீதம். அந்த மாதக் கடைசியில்தான் தொகுப்பு விழுந்தது. ஏறிய கட்டணத்தின் முதல் பில் கைக்கு வந்தது உலகின் பெரிய மின் தடையை அனுபவித்த பிறகு. ஆகஸ்ட் 17 அன்று நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடு பற்றிய தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது, 1.86 லட்சம் கோடி ரூபாய் என்ற எண்ணோடு. இந்த மூன்றுக்கும் இடையே நேரான தொழில்நுட்பத் தொடர்பு கிடையாது. ஆனால் ஜனங்கள் மனதில் அவை ஒரே கதையாகச் சேர்ந்தன: கரி போச்சு, கரண்ட் போச்சு, நம் காசும் போச்சு. டீக்கடை பெஞ்சில் மூன்றும் ஒரே மூச்சில் பேசப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

கதை தயாராக இருந்தது, அதைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. 2012 அக்டோபரில் அரவிந்த் கெஜ்ரிவால் தெற்கு டெல்லி டிக்ரியில், பில் தகராறில் துண்டிக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் இணைப்பைத் தன் கையாலேயே மறுபடி சேர்த்தார். நவம்பரில் ஆம் ஆத்மி கட்சி. 2013 மார்ச் 23 முதல் சுந்தர் நகரியில் பதினைந்து நாள் உண்ணாவிரதம். ஏறிய பில்லைக் கட்டாதீர்கள் என்று சொல்லி லட்சக்கணக்கானவர்களிடம் கையெழுத்து வாங்கியதாகக் கட்சி சொன்னது. கட்டணத்தைப் பாதியாக்குவோம் என்பது தேர்தல் வாக்குறுதி.

இதன் கூர்மை எங்கே இருந்தது என்றால், பழிக்கு ஒரு முகவரி கொடுத்ததில். தொகுப்பு விழுந்ததற்கு ரிலேவையும் மழையையும் ஆறு மாநிலங்களையும் சொல்ல வேண்டும். பில்லுக்கு அப்படி இல்லை. விநியோக நிறுவனங்கள் செலவை ஊதிக் காட்டுகின்றன, முதல்வர் துணைபோகிறார் என்று ஒரே வாக்கியத்தில் குற்றச்சாட்டு முடிந்தது. அது நிரூபணமானதா? இல்லை. ஆட்சிக்கு வந்ததும் கெஜ்ரிவால் உத்தரவிட்ட, அந்த நிறுவனங்களின் கணக்குத் தணிக்கையை 2015 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டணம் ஏறியதில் பெரும் பங்கு வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் விலைக்கு உண்டு. டெல்லி தன் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. இதைப் பொறுமையாக மக்களிடம் சொல்ல அன்றைய அரசு முயலவே இல்லை என்பது என் குறை. பதினைந்து வருட ஆட்சியின் தன்னம்பிக்கை அப்படி இருந்தது.

2013 டிசம்பரில் காங்கிரஸ் 43 இடத்திலிருந்து 8க்கு விழுந்தது. ஆம் ஆத்மி 28. புது டெல்லி தொகுதியில் ஷீலா தீட்சித் கெஜ்ரிவாலிடம் 25,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். காமன்வெல்த் போட்டி ஊழல், 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடூரத்துக்குப் பின் எழுந்த கொந்தளிப்பு, வெங்காய விலை எல்லாமே இதில் சேர்ந்தன. மின்சாரம் மட்டும் என்று சொன்னால் பொய். ஆனால் மற்றவை தொலைக்காட்சியில் வந்தன, பில் கதவுக்கு அடியில் மாதாமாதம் வந்தது.

ஊரில் நடந்தது வேறு

டெல்லித் தமிழர்கள் இதைப் பார்த்தபோது மனதில் ஓடியது ஊர்க் கணக்கு. 2011இல் திமுக தோற்றதில் மின்வெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அந்தக் கட்சிக்காரர்களே பேசினார்கள். ஆற்காடு வீராசாமி மின்துறை அமைச்சர், அவர் பெயரே மின்வெட்டுக்கு மறுபெயர் ஆனது. அதிமுக கூட்டணி 203 இடங்களில் வென்றது. சரி, இருட்டு ஆட்சியைக் கவிழ்க்கும் என்று அதிலிருந்து முடிவு கட்டலாமா?

கட்ட முடியாது. 2012 இறுதியில் நிலைமை இன்னும் மோசமானது. காற்றாலைப் பருவம் முடிந்த பிறகு மாவட்டங்களில் 14 முதல் 16 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. சுமார் 4,000 மெகாவாட் பற்றாக்குறை. கோவையில் சிறு பட்டறைகள் ஷிஃப்டைக் குறைத்தன, சில மூடின. சென்னைக்கு மட்டும் ஒன்று, இரண்டு மணி நேரம். கட்டணமும் அந்த ஆண்டு ஏப்ரலில் ஏறியிருந்தது. இருட்டும் ஏறிய பில்லும் அங்கே சேர்ந்தே இருந்தன. அப்படியிருந்தும் 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக 39இல் 37 இடங்களை வென்றது.

காரணம், பழி போன இடம். ஜெயலலிதா முந்தைய ஆட்சியைச் சொன்னார், பிறகு டெல்லியைச் சொன்னார். டெல்லியைச் சொல்ல அவருக்கு ஓர் உண்மையான ஆதாரமும் கிடைத்தது. 2012 குளிர்காலத்தில் டெல்லி தனக்குத் தேவைப்படாத சுமார் 1,700 மெகாவாட்டை விட்டுக்கொடுக்க முன்வந்தது. இங்கே டிசம்பரில் விசிறி ஓடாது, ஏசி ஓடாது. அதை எங்களுக்குத் தாருங்கள் என்று தமிழக அரசு மத்திய அரசைக் கேட்டது, உச்ச நீதிமன்றம் வரை போனது. தெற்கே கொண்டுபோகும் பாதையில் இடம் இல்லை என்பது வந்த பதில். ஜூலையில் தெற்கைக் காப்பாற்றிய அந்தத் தனிமைதான் நவம்பரில் அதை இருட்டில் வைத்தது. நாங்கள் கம்பளிக்குள் சுருண்டிருந்த இரவுகளில், இங்கே மிச்சமான கரண்ட் அத்தை வீட்டுக்குப் போக ஒரு கம்பி இல்லை. அதை நினைத்து எனக்கு வந்த இயலாமை அந்த இரண்டு நாள் இருட்டில்கூட வரவில்லை.

இதில் பலியானவர்கள் கடற்கரைக்காரர்கள். 2011இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் எழுந்தபோது அவர்கள் அச்சத்தைத் தீர்க்கும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று தமிழக அமைச்சரவையே தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 19 அன்று அதே அமைச்சரவை உலையைத் திறக்க ஒப்புக்கொண்டது. நடுவில் மாறியது மின்வெட்டு நேரம்தான். மணிக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்தவருக்கு மீனவரின் பயம் ஒரு தடங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. "அவங்க ஏன் விட மாட்டேங்கறாங்க?" என்று அத்தையே கேட்டார், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். பற்றாக்குறை ஜனங்கள் மனதுக்குச் செய்யும் கெடுதலில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். ஆட்சியின் மேல் வர வேண்டிய கோபம் பக்கத்து ஊரின் மேல் திரும்புகிறது.

ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை 2013 டிசம்பர் 31 அன்று தெற்கை நாட்டின் தொகுப்போடு இணைத்தது. அதே டிசம்பர் 31 அன்றுதான் டெல்லியில் புதிய முதல்வர் கெஜ்ரிவால் 400 யூனிட் வரை பாதிக் கட்டணம் என்று அறிவித்தார். இங்கே மறுநாள் எல்லாத் தாள்களிலும் பாதிக் கட்டணம்தான் பெரிய எழுத்தில் இருந்தது. ஊர் இருட்டு தீர வழி செய்த அந்தக் கம்பியைப் பற்றி எங்கள் குடியிருப்பில் யாரும் பேசவில்லை.

பில் பூஜ்யமான பிறகு

கெஜ்ரிவால் 49 நாளில் ராஜினாமா, 2015இல் அவர் கட்சிக்கு 70க்கு 67. 2019 ஆகஸ்ட் 1 முதல் 200 யூனிட் வரை இலவசம். ஆறு மாதம் கழித்து 62 இடங்கள். பஞ்சாபில் 300 யூனிட், கர்நாடகத்தில் 200 யூனிட் என்று அது பரவியது. நமக்கு இது புதிதல்ல. தமிழ்நாட்டில் 1990லேயே விவசாயிகள் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்துவிட்டது, 2016இல் வீடுகளுக்கு 100 யூனிட் வந்தது. 2025இல் டெல்லியில் 48 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்த பாஜகவும் மானியத்தைத் தொடர்வோம் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டது.

கட்டணத்தில் ஏற்றாமல் நிறுத்திவைத்த விலை எங்கும் மறைந்துவிடவில்லை. விநியோக நிறுவனங்களுக்குத் தர வேண்டியது என்று, கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையக் கணக்கில் வருடா வருடம் ஏறியது. டெல்லியில் அது 27,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பாக்கியைக் காலக்கெடுவுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது பில்லில் வரும்போது அதைக் கையில் ஏந்திக்கொண்டு யார் வருவார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

இலவசமும் எல்லோரையும் எட்டவில்லை. ஓல்ட் ராஜிந்தர் நகரில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் வீட்டுக்காரரின் சப்-மீட்டருக்கு யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் கொடுத்துத்தான் படிக்கிறார்கள். வாடகைக்காரர்களுக்குத் தனி மீட்டர் திட்டம் 2019இல் வந்தது. மீட்டர் கேட்டால் அறையைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தில் பலர் கேட்பதே இல்லை.

ஜங்க்புராவில் பாரபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. விழுப்புரம், சேலம் பக்கத்திலிருந்து வந்து அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் வாழ்ந்தவர்கள். 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி என்றானது, அதுவும் நகரத்தின் மறுகோடி நரேலாவில். 2015க்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறோம் என்று காட்ட ஏற்கும் தாள்களில் மின்சார பில்லும் ஒன்று. எங்கள் வீட்டில் வேலை பார்த்த அக்கா, பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்த பில்களை என்னிடம் கொண்டுவந்து தேதி வாரியாக அடுக்கித் தரச் சொன்னார். 2012, 2013இன் ஏறிய பில்களும் அதில் இருந்தன, ஒவ்வொன்றிலும் கட்டியதற்கான முத்திரையோடு. "கட்டாதீங்கன்னு அப்போ சொன்னாங்க தம்பி," என்றார். "நான் ஒரு மாசம்கூட விடல."